கிணற்றடியில் ஒரு எண் எழுதுங்கள்: திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் திருகோணமலை நகரில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. போன தவணை முடிவில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய் என்னிடம் வந்து, வீட்டில் குழாய்த் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டதாகச் சொன்னார். "புளோரைட்டு கலந்து விடுறாங்களாம் ரீச்சர், பிள்ளைகள்ட மூளை மந்தமாகுமாம்" என்று கைபேசியில் வந்த காணொளியைக் காட்டினார். அமெரிக்காவில் யாரோ பேசுகிறார், கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது. சரி, இப்போது எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவருடைய அம்மா வீடு மாவட்டத்தின் உட்பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. அங்குள்ள குழாய்க்கிணற்றிலிருந்து கணவர் கிழமைக்கு இரண்டு தடவை மோட்டார் சைக்கிளில் கலனில் கொண்டுவருகிறாராம். "அது நிலத்துக்குள்ள இருந்து வாற சுத்தமான தண்ணி" என்றார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அது நான் பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர்.

அதே மாதத்தில் இன்னொரு பெற்றோர் இதற்கு நேர்மாறாகக் கேட்டார். சிங்கப்பூரில் குடிநீரில் புளோரைட்டு கலக்கிறார்கள், அங்கே பிள்ளைகளுக்குச் சூத்தைப் பல் குறைவு, இங்கேயும் கலக்கச் சொல்லி ஒரு மனுக் கொடுப்போமா என்றார். இரண்டு பேரும் பிள்ளைகளை நினைத்துத்தான் பேசினார்கள். இரண்டு பேரிடமும் இல்லாதது, அவர்கள் குடிக்கும் தண்ணீரில் லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் புளோரைட்டு இருக்கிறது என்ற ஒரு எண். நீர் வழங்கல், சுகாதாரம், கல்வி, பிரதேச சபைகள் எல்லாம் ஒரே மேசையில் இருப்பது உங்கள் குழுவில்தான். அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் குழாய்த் தண்ணீர். இலங்கையில் எந்தக் குழாய்நீர்த் திட்டத்திலும் புளோரைட்டு சேர்ப்பதில்லை. எங்கள் நகரத்துக்குத் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. குளத்துத் தண்ணீரைப் படிய வைத்து, வடித்து, குளோரின் போட்டுக் கிருமி நீக்கி அனுப்புகிறார்கள். குளோரின் வேறு, புளோரைட்டு வேறு: முன்னது கிருமிநாசினி, பின்னது பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் ஒரு தாதுப்பொருள். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதால் எத்தனையோ பேர் குழம்பிப்போகிறார்கள். குழாயைத் திறந்ததும் வரும் அந்த மணத்தை வைத்தே "மருந்து கலக்கிறார்கள்" என்று நம்பிவிடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தை நீங்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் துண்டுப் பிரசுரமாகப் போட்டாலே பாதிப் பயம் போய்விடும்.

இந்த வாதம் எங்கே பிறந்தது என்று நானும் தேடி வாசித்தேன். 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் புதிதாக வந்த பிரெடெரிக் மக்கே என்ற பல் வைத்தியர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் சொக்கலேட் நிறக் கறைகளைப் பார்த்தார். பன்றி இறைச்சி கூடச் சாப்பிடுவதால், பால் தரமில்லாததால் என்று ஊரவர் ஆளுக்கொரு காரணம் சொன்னார்களாம். கறை பிடித்த அந்தப் பற்களில் சூத்தை குறைவாக இருந்ததையும் அவர் கவனித்தார். முப்பது வருடம் கழித்து, 1931இல்தான், தண்ணீரில் இயற்கையாக இருந்த புளோரைட்டே இதற்குக் காரணம் என்று தெரியவந்தது. பிறகு ட்ரென்ட்லி டீன் என்பவர் ஊர் ஊராகத் தண்ணீரையும் பற்களையும் ஒப்பிட்டார். லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் சூத்தையும் குறைகிறது, கறையும் பெரிதாக விழுவதில்லை என்று கண்டார். 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரம் உலகிலேயே முதலாவதாகக் குடிநீரில் புளோரைட்டைக் கலந்தது. சிங்கப்பூர், ஹொங்கொங், அயர்லாந்து எல்லாம் அதற்குப் பிறகு.

கறை பிடித்த பற்களைப் பார்த்துத்தான் இதெல்லாம் தொடங்கியது என்பதை வாசித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது அங்கே நடக்கும் சண்டை வேறு. எல்லோர் கையிலும் புளோரைட்டுப் பற்பசை வந்துவிட்ட காலத்தில் தண்ணீரிலும் கலப்பதால் கிடைக்கும் பயன் முன்புபோல் இல்லை, ஒரு பிள்ளைக்குச் சூத்தை குறைவது சராசரியாக ஒரு பல்லின் கால்வாசிதான் என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2024இல் சொன்னது. அதே வருடம் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம், லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைட்டு, பிள்ளைகளின் நுண்ணறிவு குறைவதோடு தொடர்புபட்டிருக்கிறது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம் என்றது. 2025இல் யூட்டா மாநிலம் கலப்பதைத் தடை செய்தது, பிறகு புளோரிடா. கனடாவின் கல்கரி நகரமோ 2011இல் நிறுத்திப் பார்த்து, பிள்ளைகளின் பற்கள் பழுதாவதைக் கண்டு, மக்களிடம் வாக்குக் கேட்டு, 2025இல் மறுபடி கலக்கத் தொடங்கியது. அங்கே யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அவர்கள் கலக்கும் அளவு 0.7 மில்லிகிராம். அந்த அளவில் மூளைக்குப் பாதிப்பு உண்டா என்று சொல்லப் போதிய தரவு இல்லை என்றும் தேசிய நச்சியல் திட்டத்தின் அதே அறிக்கை சொல்கிறது. எச்சரிக்கை 1.5க்கு மேலே உள்ள தண்ணீருக்கு. என் வகுப்புத் தாய் பார்த்த காணொளியில் இந்த எண் வரவேயில்லை.

அந்த 1.5க்கு மேலான தண்ணீர் எங்கள் மாவட்டத்தில் இருக்குமானால், அது இருப்பது உட்பக்கக் கிணறுகளில்.

என் கதையைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இன்னும் கலியாணம் பேச வேண்டிய பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், இப்படி ஒரு பெயர் விழுந்தால் அது அவர்களுக்குத்தான் இடைஞ்சல்.

1981 முதல் 1990 வரை சர்வதேசக் குடிநீர்ப் பத்தாண்டு என்று ஐக்கிய நாடுகள் அறிவித்திருந்த காலம். நாடு முழுக்கக் குழாய்க்கிணறுகள் அடித்தார்கள். எங்கள் கோயிலடிக்கும் ஒன்று வந்தது. எனக்கு அப்போது ஒன்றரை வயது, அண்ணாவுக்குப் பத்து. அதுவரை குளத்தடியில் இருந்த ஆழமில்லாத கிணற்றில்தான் ஊரே தண்ணீர் அள்ளியது. கோடையில் சேறு கலங்கும், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும். குழாய்க்கிணறு வந்த நாளில் அம்மா பொங்கிப் படைத்ததாகச் சொல்வார். கண்ணாடிபோலத் தண்ணீர், வருடம் முழுவதும் வற்றாது. அந்தக் கிணறு எங்களில் எத்தனையோ பேரை வயிற்று நோயிலிருந்து காப்பாற்றியது. அதை நான் மறக்க மாட்டேன்.

எனக்குப் பால்பல் விழுந்து புதுப் பல் முளைத்தபோது முன்பற்கள் நான்கும் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளைத் திட்டோடு வந்தன. பத்து வயதாகும்போது அவை மண்ணிறமாகிவிட்டன. அம்மா உப்பும் கரியும் வைத்துத் தேய்த்துவிடுவார், முரசு கிழிந்து இரத்தம் வரும். தம்பிக்கும் அப்படித்தான். அண்ணாவின் பற்களோ முல்லை அரும்பு மாதிரி. ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே கரித்தூள். "அவன் ஒழுங்காப் பல்லு மினுக்குறான், நீங்கள் கள்ளம்" என்று எத்தனை நாள் ஏச்சு வாங்கியிருப்போம்! பாடசாலைக்குப் பல் பார்க்க வந்த ஒருவரும் வகுப்பில் எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி, இப்படித்தான் பல் துலக்காவிட்டால் வரும் என்று காட்டினார். அதன்பிறகு நான் கையால் வாயை மறைக்காமல் சிரித்ததில்லை. என் கலியாணப் படங்கள் ஒன்றிலாவது உதடு பிரிந்திருக்காது. பெண் பார்க்க வந்த வீட்டில் ஒரு பெரியம்மா, "பிள்ளை வெத்திலை போடுறவவோ?" என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டது எனக்கும் கேட்டது.

முப்பத்திரண்டு வயதில் ஒரு பல் வலிக்காகப் போன இடத்தில்தான் வைத்தியர் கேட்டார்: "எந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளர்ந்தீங்கள்?" வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் பல்தூரிகையைப் பற்றிக் கேட்காமல் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். அவர்தான் விளக்கினார். பல் வெளியே வந்த பிறகு புளோரைட்டு அதில் இந்தக் கறையை உண்டாக்காது. முரசுக்குள்ளே பல்லின் மினுக்கமான மேற்படை உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், ஏறத்தாழ எட்டு வயது வரை, தண்ணீரில் அது கூடிப்போனால்தான் பல் இப்படி ஆகும். முன்பற்களுக்கு முதல் மூன்று வருடங்கள் முக்கியம். அண்ணாவுக்குக் குழாய்க்கிணறு வரும்போது பத்து வயது, அவருடைய முன்பற்கள் ஏற்கெனவே உருவாகி முடிந்திருந்தன. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதார். "தெரியாம ஏசிப்போட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நகரில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த என் பிள்ளைகள் இருவருக்கும் பற்கள் அண்ணாவுடையவை மாதிரி இருக்கின்றன.

நிலத்தடி நீரில் இது எப்படி வருகிறது என்பது ஒளிவுமறைவான விஷயம் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. பி. திசாநாயக்க போன்றவர்கள் 1980களிலேயே நாட்டின் கிணற்று நீரின் இரசாயனத்தை வரைபடமாக்கி, வறண்ட வலயத்தில் புளோரைட்டு மிகுந்திருப்பதைக் காட்டிவிட்டார்கள். எங்கள் பழம்பாறைகளில் உள்ள மைக்கா, அபடைட்டு போன்ற கனிமங்களில் புளோரைட்டு இருக்கிறது. தென்மேற்கிலும் மலைநாட்டிலும் கொட்டும் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். இங்கே மழை சில மாதங்கள்தான், மற்றபடி வெயில். தண்ணீர் பாறை இடுக்கில் நெடுநாள் கிடந்து ஊறுகிறது, ஆவியாகி இறுகுகிறது. அதனால் ஆழக் குழாய்க்கிணறுகளில் கூடுதலாகவும், குளத்திலும் கடற்கரை மணல் கிணறுகளிலும் குறைவாகவும் இருப்பது வழக்கம். ஆனால் வழக்கத்தை நம்பிப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. ஒரு வளவில் 0.4, நூறு யார் தள்ளி 2 என்றும் இருக்கலாம். நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியிலும் தெரியாது. அளந்தால்தான் உண்டு.

கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். போகாது. தண்ணீர் வற்ற வற்ற, மிஞ்சுவதில் அளவு கூடும். பால்மாக் கரைப்பதற்கென்று நன்றாகக் காய்ச்சி ஆறவைக்கும் தாய், தெரியாமலே கூடுதலாகக் கொடுக்கிறாள். (தாய்ப்பாலில் புளோரைட்டு மிகக் குறைவு. கிராமத்துத் தாய்மாருக்கு இதுவும் சொல்லப்பட வேண்டும்.) சாதாரண மண்சட்டி வடிகட்டியும் கரி வடிகட்டியும் இதைப் பிடிக்காது. தேயிலைச் செடி நிலத்திலிருந்து புளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்க்கும், நாங்களோ காலையிலிருந்து இரவு வரை பிளேன்ரீ குடிக்கிற ஆட்கள், சின்னப் பிள்ளைக்கும் ஊற்றிக் கொடுக்கிறோம். அதோடு இந்த வெயில். குளிர்நாட்டுப் பிள்ளை குடிப்பதைவிட எங்கள் பிள்ளை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 1.5 மில்லிகிராம் என்றாலும், இலங்கையின் குடிநீர்த் தரநிலை எஸ்எல்எஸ் 614 அதை 2013இல் 1.0 என்று இறக்கியிருப்பது எங்களைப் போன்ற வெப்பமான இடத்துக்குப் பொருத்தமானது.

பல் மட்டும் என்றால் வெட்கத்தோடு போகும். அளவு மிகவும் கூடி, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்தில் 1937இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துப் பதவி ஸ்ரீபுரப் பக்கத்தில் எத்தனை குடும்பங்கள் சிறுநீரக நோயால் தகப்பனை இழந்திருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நோய்க்குப் புளோரைட்டுத்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆய்வாளர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் உடலில் சேரும் புளோரைட்டை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதானவருக்கு அதே தண்ணீர் இன்னும் பாரம்.

ஆகவே என் கோரிக்கை. கலக்குவோமா என்ற பேச்சை இந்த மாவட்டத்தில் எடுக்கவே வேண்டாம். சூத்தைப் பல்லுக்குப் பற்பசை போதும். மூன்று வயதுக்குக் கீழே ஒரு அரிசியளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு, துப்பப் பழக்கினால் சரி. குடிநீரில் இருப்பதைத் துப்ப முடியாது.

அடுத்தது அளவிடுங்கள். பொதுக் குழாய்க்கிணறுகள், பாடசாலை, முன்பள்ளிக் கிணறுகள், கோயில், பள்ளிவாசல், விகாரைக் கிணறுகள், ஊருக்குள் பலர் அள்ளும் வளவுக் கிணறுகள் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து, வந்த எண்ணை அந்தக் கிணற்றுக் கட்டிலேயே எழுதுங்கள். கிராம அலுவலர் அலுவலகத்திலும் ஒட்டுங்கள். பங்களாதேஷில் ஆர்செனிக் பிரச்சினை வந்தபோது குழாய்க்கிணறுகளுக்குச் சிவப்பும் பச்சையும் பூசினார்கள், எழுத வாசிக்கத் தெரியாத தாய்க்கும் விளங்கியது. ஒன்றுக்குக் கீழே பச்சை, மேலே சிவப்பு என்று நாங்களும் செய்யலாம். சிவப்புக் கிணற்றை மூட வேண்டியதில்லை. குளிக்க, துவைக்க, தோட்டத்துக்கு இறைக்க அது நல்ல தண்ணீர்தான். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு வழி வேண்டும்.

இப்படிச் செய்தால் சனம் பயந்துவிடும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சனம் இப்போதே பயந்துதான் இருக்கிறது, பிழையான தண்ணீரைப் பார்த்து. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊருக்கு வந்து போத்தல்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு என்ன என்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கைக்குழந்தையோடு இருக்கும் ஒருத்தி, தன் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அறிய விண்ணப்பம் நிரப்பிக்கொண்டு அலைய வேண்டுமா?

வேறு வழி என்ன என்று கேட்பீர்கள். குளத்து நீரைக் குழாயில் கொண்டுபோவதே நிரந்தர வழி. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதே பிரச்சினைக்கு ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், 2013இல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. எங்கள் மாவட்டத்திலும் குழாய் நீளும்போது எந்த ஊருக்கு முதலில் என்பதைக் கிணற்று எண்ணைப் பார்த்துத் தீர்மானியுங்கள். குழாய் வரும் வரைக்கும், தண்ணீரை நுண்சவ்வு வழியாக அழுத்திச் சுத்திகரிக்கும் சமுதாய ஆர்.ஓ. நிலையங்களும் பவுசரும் இருக்கின்றன. ஆர்.ஓ. இயந்திரம் புளோரைட்டை நீக்கும், ஆனால் அதன் சவ்வைக் காலத்துக்குக் காலம் மாற்றாவிட்டால் வெறும் பெயருக்குத்தான். அங்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதிவைக்க வேண்டும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுப் படியவைக்கும் நல்கொண்டா முறையும், சுட்ட செங்கல் துண்டுகள் நிரப்பிய வீட்டு வடிகட்டியும் மலிவானவை. செங்கல் வடிகட்டி எங்கள் நாட்டு வறண்ட வலயக் கிராமங்களிலேயே கொடுத்துப் பார்க்கப்பட்டது. சில மாதத்துக்கு ஒரு தடவை செங்கல்லை மாற்றும் பொறுப்பை யாராவது ஏற்றால் அதுவும் உதவும்.

குடும்ப நல உத்தியோகத்தர் ஒவ்வொரு கர்ப்பிணித் தாயிடமும் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று ஒரு கேள்வி கேட்டு அட்டையில் குறிக்கட்டும். பவுசர், ஆர்.ஓ. தண்ணீர் எல்லோருக்கும் போதாத ஊரில் எட்டு வயதுக்குக் கீழே பிள்ளையுள்ள வீடுகளுக்கு முதலில் கொடுக்கட்டும். கோமரங்கடவலச் சிங்களத் தாய்க்கும், தோப்பூர் முஸ்லிம் தாய்க்கும், வெருகல் தமிழ்த் தாய்க்கும் இது ஒரே கேள்விதான். பாடசாலைகளில் பல் பார்க்க வருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மண்ணிறக் கறையோடு ஒரு பிள்ளை வாயைத் திறந்தால் ஏசாதீர்கள். எந்தக் கிணறு என்று கேட்டு எழுதுங்கள்.

அந்தத் தாயிடம் நான் இதையெல்லாம் சொன்னேன். கலனை நிறுத்திவிட்டுக் குழாய்த் தண்ணீருக்குத் திரும்பிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப எங்கட அம்மா வீட்டில இருக்கிற தங்கச்சியின்ட பிள்ளைக்கு?" என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்குப் பதினொரு மாதம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

மாதிரியை ஓகஸ்டில் ஒரு தடவை, மழை முடிந்து தை மாசியில் ஒரு தடவை எடுங்கள், கோடைக்கும் மாரிக்கும் அளவு மாறும். எங்கள் ஊர்க் கோயிலடியிலிருந்து தொடங்கலாம். குழாய்க்கிணற்றின் கைபிடி கொஞ்சம் இறுக்கம், பழக்கமில்லாதவர்களுக்குச் சிரமம். அண்ணாவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், வந்து அடித்துத் தருவார்.

இப்படிக்கு,
ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.